ஆறு கீற்று மூங்கில்

தூண்டில் கோலின் உறையை அவிழ்த்தபோது துணி ஈரமாக இருந்தது. அப்பா செத்து ஏழு மாதம். அன்றிலிருந்து அலமாரியின் மேல்தட்டை விட்டு அது இறங்கியதே இல்லை.

ஈரம் அந்தக் கோலுக்கு ஆகாது. ஆறு மூங்கில் கீற்றுகளை ஒட்டிச் செய்த பழங்கோல். நீர் இறங்கினால் பசை விட்டுவிடும். ஈரக் கையோடு தொட்டதற்காக அப்பா இவனை அடித்ததும் அதே கோலின் அடிப்பாகத்தால்தான். பெற்ற பிள்ளையைவிட மூங்கில் உசத்தி. போகும்போது அண்ணனுக்கு வீடு, இவனுக்கு இந்தக் குச்சி. செத்தும் நக்கல்.

ஒரே ஒரு மீன். பிறகு மகள் பார்க்கக் கோலை முறித்து ஆற்றில் விட்டுவிடுவான். காலையில் பால் கொட்டியதற்கு அவள்மேல் கை ஓங்கிவிட்டான். அடிக்கவில்லை. ஆனால் எட்டு வயதுக்காரி தலையை மூடிக்கொண்ட விதம் இவனுக்குப் பழகிய விதம். அந்தக் கை இன்றோடு ஒழிய வேண்டும்.

முழங்கால் ஆழத்தில் நின்று வீசினான். முன்னால் வீசுமுன் கயிறு பின்னால் முழுக்க நீளும்வரை காத்திருக்க வேண்டும். இவனுக்கு ஏது பொறுமை.

“அப்பா, நூடுல்ஸ் மாதிரி விழுது!” கரைப்பாறையிலிருந்து மகள் சிரித்தாள்.

“சிரிக்காதடி. வந்துரும், இரு.”

அடுத்த வீச்சில் கை தானாகவே காத்திருந்தது. நீரின் இரைச்சலையும் பாசியின் வாடையையும் கிழித்துக்கொண்டு கயிறு நீளமாக விரிந்து போக, அதன் நுனியில் இறகால் கட்டிய பொய்ப்பூச்சி உயிருள்ள பூச்சியைப்போல ஆற்றின்மேல் வந்தமர்ந்தது. இவனுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. கார்க் பிடியில் அப்பாவின் கட்டைவிரல் தேய்த்த பள்ளம். இவன் விரல் அதில் அச்சாக உட்கார்ந்திருந்தது. காலையில் பிடித்துப் பார்த்தபோது பொருந்தவில்லை.

மீன் சிக்கியது. கரையேறி மகள் கையில் கொடுத்தான். இனி முறிக்க வேண்டியதுதான். முழங்காலைத் தூக்கினான்.

கை இறங்கவில்லை.

“நானும் ஒரு தடவை போடறேம்ப்பா.” மீனைப் புல்லில் போட்டுவிட்டு அவள் கோலைப் பிடித்தாள். நீர் சொட்டும் விரல்கள்.

“ஈரக் கையோட தொடாத, மூதேவி!”

இவன் சொல்லவில்லை. இவன் வாய் சொன்னது.

வயிற்றிலிருந்து கோபம் ஏறியது. இவனுடையது அல்ல. இவனுடையதைவிடப் பழையது. கோலை விட்டெறியப் பார்த்தான். விரல்கள் திறக்கவில்லை. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தான். நகங்கள் மஞ்சள் பூத்திருந்தன. சிகரெட் கறை. இவன் பிறந்ததிலிருந்து ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை.

“ஓடு” என்று கத்த வாயைத் திறந்தான்.

வாய் சிரித்தது.

மகள் ஓடவில்லை. அண்ணாந்து இவன் முகத்தையே பார்த்தாள். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

“தாத்தா, வேணாம் தாத்தா.”

கோல் மேலே எழுந்தது.