டி எழுத்தில் இருந்தவர்கள்

மலையூரான ரிங்லெட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு, 1988-இல் ஒரு மழைநாளில், இரண்டாவது ஹார்ட் டிஸ்க் வந்து சேர்ந்தது. ஈப்போவிலிருந்து அதைக் கொண்டுவந்த சீனர் கம்ப்யூட்டருக்குள் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. பாதை மறைவதற்குள் மலையிறங்க வேண்டுமே என்ற அவசரம் அவருக்கு.

கிளம்பும்போது, ஃபார்மட் போடுமுன் டிரைவ் எழுத்துகளைப் பார்த்துக்கொள்ளும்படி மலாயில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"தெரியும்லா, தெரியும்!" என்று அவர் வாயை அடைத்துவிட்டார் ஆபீஸ் கணக்குகளைப் பார்க்கும் பெரிய கிராணி பக்கிரிசாமி. தோட்டத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த முதல் ஆள் அவர். தெரியாது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது.

பழைய டிஸ்க்கில் இரண்டு பாகங்கள்: சி, டி. டி-யில் இருந்தவர்கள் செத்தவர்கள். தோட்டத்து இடுகாட்டின் குறுக்கே புது ரோடு வரப்போகிறது. புதைத்தவர்களை எல்லாம் மேட்டுக்கு மாற்ற வேண்டும். சின்னக் கிராணி திலகம் ஒவ்வொரு குழியருகிலும் சொந்தக்காரர்களை நிறுத்தி, யார் எங்கே என்று கேட்டுக் கேட்டு எழுதி, டி-யில் ஏற்றியிருந்தாள். ஏற்றி முடித்ததும் தலைமாட்டுக் கற்களைப் பிடுங்கச் சொன்னவர் பக்கிரிசாமி. திலகத்தின் காகிதங்களைத் தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு அனுப்பியவரும் அவர்தான். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே, கடுதாசி எதுக்கு?" என்றார். அவள் இப்போது பிரசவத்துக்குத் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

பக்கிரிசாமி திரைமுன் உட்கார்ந்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் புதிதாக வந்தவர்கள் வரிசையின் கடைசியில்தான் நிற்பார்கள். முந்தினால் கூடை பறக்கும். புது டிஸ்க்கும் அப்படித்தானே? சி, டி-க்குப் பிறகு ஈ. ஈ-யை ஃபார்மட் செய்யச் சொன்னார். எல்லாம் அழிந்துவிடும், சரியா என்று இயந்திரம் கேட்டது.

சரி என்று தட்டினார்.

முடிந்ததும் டி-யைத் திறந்து பார்த்தார். அதில் ஒன்றுமே இல்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இயந்திரம் புதிதாக வந்ததை டி என்று இரண்டாவது இடத்தில் உட்காரவைத்து, பழைய டி-யை ஈ என்று பின்னால் தள்ளியிருக்கிறது. அவர் அழித்தது இடுகாட்டை.

கேபினெட்டுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

சின்னப் பிள்ளையின் இருமல். அவர் எழுந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. புதிதாக வெட்டிய மண்ணின் வாடை மட்டும் அடித்தது.

மறுநாள் காலையில் வடிவம்மாள் புதுப் பானையோடு இடுகாட்டில் நின்றாள். கொழுந்தெடுக்கும் பெண். அவள் மகன் சாமிக்கண்ணு ஆறு வயதில் நெஞ்சுச்சளியில் போய்விட்டவன். புல்டோசர் சுரண்டிப்போட்ட சரிவு முழுக்க ஒரே மாதிரி இருந்தது.

"கல்லு இருந்தா நானே காட்டிருவேங்கய்யா. எம்புள்ள எதுங்க?"

தவறிவிட்டேன் தாயே என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். பின்னால் ஆட்கள் நின்றார்கள், மேனேஜர் நின்றார். பக்கிரிசாமி ஏதோ ஓர் இடத்தைக் காட்டினார்.

"இதான்மா."

அவள் நம்பிவிட்டாள். அங்கே தோண்டி, எலும்பும் மண்ணுமாக அள்ளிப் பானையில் போட்டு, முந்தானையால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறுபடி புதைக்குமுன் ஒரு ராத்திரி வீட்டில் வைத்திருப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். "வாடா சாமிக்கண்ணு, வீட்டுக்குப் போலாம்" என்று அவள் கொஞ்சியது அவர் காதில் விழுந்தது. அவமானம் தாங்காமல் நேராக ஆபீசுக்குப் போய்க் கம்ப்யூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டார்.

அடுத்த நாள் பிற்பகல், மூட்டம் ஜன்னலை அடைத்திருந்தபோது வடிவம்மாள் வாசலில் வந்து நின்றாள். பானை இடுப்பிலேயே இருந்தது.

"கிராணி ஐயா, இது எம்புள்ள இல்லைங்க."

"என்னம்மா சொல்றே?"

"ராவெல்லாம் அம்மா அம்மான்னு அழுவுது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பொட்டப்புள்ள குரலுங்க."

அவள் பானையைத் தடவிக்கொடுத்தாள்.

"பாவம், அது யாரு பெத்ததோ. தாலாட்டிக்கிட்டேதான் இருந்தேன். எம்புள்ளய எங்கய்யா வெச்சிருக்கீங்க?"

இனி மறைக்க முடியாது. "அழிச்சிட்டேன்மா" என்றார். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "கை தவறிடுச்சு. ஒருத்தர் இடமும் எனக்குத் தெரியாது. சும்மா காட்டுனேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

உள்ளே யாரோ இருமினார்கள்.

"அவந்தான்" என்றாள்.

பக்கிரிசாமி மெல்லத் திரும்பினார். திரை பச்சையாக எரிந்தது. அதில் ஈ என்ற எழுத்து. பக்கத்தில் கர்சர் விட்டுவிட்டு மின்னியது. ஈரமண் வாடை அறை முழுக்க ஏறியது.

வயர் தரையில் கிடந்தது.

வடிவம்மாள் பானையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையருகே குனிந்தாள். "இங்கயா இருக்கே கண்ணு? வா, போலாம்."

இருமல் நின்றது. பிறகு உள்ளிருந்து குரல்கள் வந்தன. கிழவர், பெண், பிள்ளை என்று ஒருவர் பின் ஒருவராக, முந்தாமல், வரிசையில் நிற்பவர்களைப் போல மரியாதையாகவே கேட்டார்கள்.

"கிராணி ஐயா, என் இடம் எதுங்க?"