ஒஸ்லோவுக்கு ஒரு போன்

வெள்ளிக்கிழமை, காலை 11.10. மவுண்ட் ஆல்பர்ட் வீட்டில் ஜெயரட்ணத்தின் மண்டையை யாரோ அம்மிக்குழவியால் பிளந்திருந்தார்கள். ஒரு அடியில் ஆத்திரம் தீரவில்லை போலும், ஆறேழு அடி. சுவரெல்லாம் ரத்தம். உயிர் போனது பத்து மணியளவில். அவர் நோர்வேயைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் காணவில்லை.

மகன் கீதனின் சட்டையிலும் ரத்தம். அப்பாவைத் தூக்கினேன் என்றான். முதல் நாள் இருவரும் சண்டை போட்டதை அக்கம்பக்கம் கேட்டிருந்தது. போதாதா? நாலு மணிக்கு அவன்மேல் கொலைக் குற்றம் பதியப்போவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். தாய் குணவதி, டிடெக்டிவ் சார்ஜன்ட் நிலானியின் கையைப் பிடித்தவள் விடவே இல்லை.

12.30. முதல் அத்தியாயத்தின் ரத்தம் தோய்ந்த தாள்களை நிலானி புரட்டினாள். மனுசன் நன்றாகத்தான் எழுதியிருந்தார். அரசர் பேருக்கு, அதிகாரம் பாராளுமன்றத்துக்கு. நாலு வருடம் முடியுமுன் அதை எவரும் கலைக்க முடியாது. நேட்டோவுக்குள் உண்டு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இல்லை. ஊரார் சண்டைக்குச் சமாதானத் தூது போவதில் மட்டும் முன்வரிசை. அப்படி இலங்கைக்கு வந்த தூதுக்குழுவுக்கு மொழிபெயர்த்தவர் ஜெயரட்ணம். அப்போது இரண்டு பொடியன்களைச் சாகக் காட்டிக்கொடுத்தவனின் பெயர் கடைசி அத்தியாயத்தில் வரும் என்று சொல்லியிருந்தாராம். அது நண்பர் யசீகரனுக்கும் தெரியும் என்றாள் குணவதி.

2.15. ஹென்டர்சனில் யசீகரனின் வீடு. யசீகரன் தேத்தண்ணி கொடுத்து, கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"பத்து மணிக்கு எங்கை நிண்டனீங்கள், அண்ணை?"

"வீட்டிலதான். ஒஸ்லோவில இருக்கிற தம்பியோட போனில கதைச்சனான்."

"என்ன கதைச்சனீங்கள்?"

"அங்கை கூட்டணி உடைஞ்சு போச்செல்லோ. பாராளுமன்றத்தைக் கலைச்சிட்டாங்களாம், அடுத்த மாதம் எலெக்ஷனாம். ஆருக்கு வோட்டுப் போடுறதெண்டு கேட்டவன்."

நிலானி கோப்பையை வைத்தாள். "கூட்டணி உடைஞ்சது காலமை ரேடியோவில வந்தது. மிச்சம் நீங்கள் கட்டின கதை. எங்கடை ஊர்ப் பழக்கத்தில ஆட்சி ஆடினா எலெக்ஷன் எண்டு நினைச்சிட்டியள். நோர்வேயில கலைக்கவே ஏலாது; அங்கை இருக்கிற தம்பி அப்பிடிச் சொல்லான். போனைக் காட்டுங்கோ."

அவர் போனை எடுக்கவில்லை, கத்தியை எடுத்தார். நிலானியின் முன்கை கிழிந்தது. வாசலில் நின்ற கான்ஸ்டபிள் பாய்ந்து அவரை மேசையோடு சேர்த்து அமுக்கினான். அவருடைய கார் இருக்கைக்கு அடியில் அந்த அத்தியாயம் கிடந்தது. காட்டிக்கொடுத்தவன் பெயர் யசீகரன்.

"ஜெயரட்ணம் ஐயாவைக் கொலை செய்தது நீங்கள்தான்," என்றாள் நிலானி, காயத்தைப் பொத்தியபடி. "கடைசி அத்தியாயத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிட்டியள். முதல் அத்தியாயத்தை வாசிச்சிருந்தா இண்டைக்குத் தப்பியிருப்பியள்."

3.50. கீதனை வெளியே விட்டார்கள். குணவதி அவனைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் புருஷனுக்காக அழத் தொடங்கினாள்.