மேல் விலைக்குக் கேட்டவர்

கோப்பையில் காப்பி குறைந்துகொண்டே போனது. ட்ரெவர் அதைத் தொடவே இல்லை. முதலில் தன் மறதி என்றுதான் நினைத்தான். ஒழுங்காகத் தூங்கிப் பல நாளானவன் எதைத்தான் மறக்கமாட்டான்? மறுபடி ஊற்றி வைத்து, திரையில் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதிக்கு மேல் காணோம். விளிம்பில் யாரோ வாய் வைத்துக் குடித்த ஈரம். பல வருஷம் பூட்டிக் கிடந்த நிலவறையைத் திறந்தால் குப்பென்று ஒரு வாடை வருமே, அது கோப்பையிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் அன்று காலையிலிருந்தே விடாத பனி. ஏரிப் பக்கத்திலிருந்து வந்து கொட்டிக்கொண்டே இருந்ததில் மதியத்துக்கே ஜன்னல்கள் இருட்டிவிட்டன. கூரையில் சேர்ந்த பனி அவ்வப்போது சரிந்து புல்தரையில் பொத்தென்று விழும். அப்புறம் வீட்டுக்குள் நெடுநேரம் ஒரு சத்தமும் இருக்காது. மனைவி ஷானன் ஆஸ்பத்திரி டியூட்டியில் மாட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசைதான் ட்ரெவருக்கு ஆபீஸ். எதிரே அவன் மகள், நான்கு வயது ஹேசல், சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியைத் தக்காளி சூப்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். நாய் பிக்கிள் அவள் காலடியில் இல்லை. ரொட்டித் துண்டுக்கு உயிரை விடுகிற ஜென்மம், இன்று வாசல் கதவைப் பார்த்து உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் காதுகூட அசையவில்லை.

போன் அடித்தது. டார்னெல். இருவரும் கூட்டாக ஒரு ஆப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிஜிட்டல் படங்களை, ஏறினால் அழிக்கவே முடியாத பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டில் ஏற்றி, சேகரிப்பவர்கள் வாங்கி விற்க ஒரு சந்தை.

"டேய், கோபப்படாதே. நேத்து சோதனைக்குன்னு கொஞ்சம் படம் ஏத்தினியே, அது பயிற்சிக்கு வெச்சிருக்கற செயின்ல போகலடா. நிஜச் செயின்லயே போயிருக்கு."

"போச்சுடா."

"கூத்து என்னன்னா, எவனோ உன் காப்பிக் கோப்பையை வாங்கிட்டான்! நாயையும் வாங்கிட்டான். உன் படத்துக்கும் ஒரு கஸ்டமர் பாரேன்."

சோதனைக்குக் கையில் அகப்பட்டதைப் போடுவது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் வழக்கம். முந்தின நாள் ட்ரெவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே போனைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தான். கோப்பை. அப்புறம் நாய். அப்புறம், சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த ஹேசல். முகத்தில் வெளிச்சம் அழகாக விழுந்திருந்தது என்று எடுத்தான், மடையன்.

"மூணாவது படத்தைத் தூக்குடா. உடனே தூக்கு."

"எப்படித் தூக்கறது? கடைக்கு வந்த பொருளை யாரும் திரும்ப எடுத்துக்க முடியாதுன்னு விதி எழுதினதே நீதானே. மேடையேறி வேற பீத்திக்கிட்டே."

விற்பவரே தன் பொருளை வாங்கவும் முடியாது. கள்ளத்தனம் நடக்கக்கூடாதென்று அதையும் அவனேதான் எழுதினான்.

வாசலில் தாழ்ப்பாள் நகர்ந்தது. உள்பக்கத் தாழ்ப்பாள். பக்கத்தில் நாயைத் தவிர யாருமில்லை. கதவு மெல்லத் திறந்துகொள்ள, பனிக்காற்றோடு அந்த நிலவறை வாடையும் உள்ளே ஏறியது. பிக்கிள் எழுந்தது. யாரோ உயரமான ஒருவரை அண்ணாந்து பார்ப்பதுபோலப் பார்த்து, துள்ளிக்கொண்டு வெளியே போனது. ட்ரெவர் ஓடிப்போய்ப் படியில் நின்று கத்தினான். பனியில் நாயின் கால்தடம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. நடுத்தெருவில் அது ஒரு கணம் நின்று, தடவிக்கொடுப்பதற்கு வாகாகத் தலையைத் தாழ்த்தியது. அப்புறம் பனி மறைத்துவிட்டது.

கதவை அடைத்துத் தாழிட்டு, நாற்காலியை முட்டுக்கொடுத்தான். கோப்பையை வாங்கியவன் காப்பியைக் குடித்தான். நாயை வாங்கியவன் நாயைக் கூட்டிப்போனான். அடுத்தது ஹேசல்.

"டார்னெல், அந்தப் படத்தை நீ வாங்கு. என்ன விலைன்னாலும் நான் தரேன். எதுவும் கேக்காதே. வாங்குடா, உன் கால்ல விழறேன்."

"பனியில அடைஞ்சு கிடந்து உனக்கு மண்டை குழம்பிடுச்சு. இரு, என் சோதனைக் கணக்குல இருந்து வாங்கறேன். ஆச்சு. இனிமே உன் பொண்ணு என் சொத்து. ஸ்கூல் பீஸ் மட்டும் நீயே கட்டிடு."

ட்ரெவருக்கு நிம்மதியில் அழுகை வந்துவிட்டது. ஹேசல் தலைநிமிர்ந்து, "டார்னெல் அங்கிள் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். அப்பாவிடம் பேசும் கொஞ்சல் அந்தக் குரலில் இல்லை. போகட்டும். டார்னெல் நல்லவன். டார்னெல் மனிதன்.

போனில் சிரிப்பு நின்றது.

"ட்ரெவர்."

"என்னடா?"

"அந்தச் சோதனைக் கணக்கு... மறுவிற்பனை ஓடுதான்னு பாக்க ஒரு சின்ன புரோகிராம் போட்டிருந்தேன். யாராவது மேல் விலைக்குக் கேட்டா தானா வித்துடும். நிறுத்த மறந்துட்டேன்."

"டார்னெல், வேண்டாம்."

"கேட்டுட்டாங்கடா. வித்துடுச்சு. நாயை வாங்கின அதே ஆளு. சாரிடா. வெறும் படம்தானே? ட்ரெவர்? படம்தானேடா?"

ஹேசல் நாற்காலியிலிருந்து இறங்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டாள். வாசலுக்குப் போய் உட்கார்ந்து பூட்ஸ் போட்டாள். கையுறை போட்டாள். தினமும் அழுது ரகளை பண்ணுகிறவள், ஒரு வார்த்தை சொல்லாமல் தானாகவே போட்டுக்கொண்டாள்.

அவன் பாய்ந்து கட்டிக்கொண்டான். இரண்டு கையாலும். எலும்பு நோகும்படி. அவள் திமிறவில்லை. அழவில்லை. தோழிகள் வீட்டில் விளையாடிவிட்டுக் கிளம்பும்போது அந்த வீட்டுப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டுமென்று ஷானன் ஒன்று பழக்கியிருந்தாள். அதை அவன் முகத்தைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள்.

"என்னை உங்க வீட்டுல வெச்சுக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி."

"ஹேசல், இது உன் வீடு செல்லம். நான் அப்பா. அப்பா!"

நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள். கதவு. அந்த வாடை.

அவன் பிடி தளரவில்லை. ஹேசல் வலது கையை மட்டும் தூக்கினாள். மேலே. ரொம்ப மேலே, குதிகாலை உயர்த்தி எட்டி. சிவப்புக் கம்பளிக் கையுறை அந்தரத்தில் நின்றது. அதன்மேல் ஒரு பள்ளம் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. கண்ணுக்குத் தெரியாத விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பளியை அழுத்தி மூடிக்கொண்டு வந்தன. ஐந்தோடு நிற்கவில்லை.