கழற்றி வைத்த ஒரு மணி நேரம்

குளித்துவிட்டு வந்து எடுத்தபோது முதுகு பிரேஸ் சூடாக இருந்தது.

கட்டிலின் மேல், அவள் கழற்றி வைத்த இடத்தில்தான் கிடந்தது. வெளியே நாள் முழுக்க மழை. தரை சில்லென்றிருந்தது, துண்டுகூட ஈரமாய் நாறியது. அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் கூடு மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியைப் போல, உள்ளே இளஞ்சூடாக இருந்தது. கையை விட்டுத் தடவினாள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியது.

"அம்மா, இது ஏன் சுடுது?"

"வெயில் பட்டிருக்கும்டி."

கொட்டுகிற மழையில் எங்கேயிருந்து வெயில்? கேட்டால் அம்மா எரிந்து விழுவாள் என்று திரும்பி நின்றாள். அம்மா பின்னால் நின்று பட்டைகளை, அவற்றில் குறித்திருந்த பேனாக் கோடு வரை இழுத்து ஒட்டினாள். "மூச்சை இழுத்துப் பிடி."

பதின்மூன்று வயதில் அவள் முதுகெலும்பு பக்கவாட்டில் வளையத் தொடங்கியிருந்தது. இருபத்தேழு டிகிரி. வளர்ச்சி நிற்கும்வரை தினம் இருபத்துமூன்று மணி நேரம் பிரேஸ் போட்டால் வளைவு ஏறாமல் தடுக்கப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சாயங்காலம் குளிக்க மட்டும் ஒரு மணி நேர விடுதலை. வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பெயர் வைத்தார்கள். ஆமையாவது தலையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், இவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. இருந்தும் எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட அவள் ஏமாற்றியதில்லை.

பிரேஸ் செய்பவர் முதலில் அவள் உடம்பில் ஈர மாவுக்கட்டு சுற்றி அச்செடுத்தார். அதில் மாவை ஊற்றி, கோணலையெல்லாம் செதுக்கி, நேரான உடல் ஒன்றைச் செய்தார். தலை இல்லை, கை இல்லை. அதன் மேல்தான் பிளாஸ்டிக்கை வார்த்தார். அம்மா அந்த வெள்ளை முதுகை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். "எவ்ளோ லட்சணமா இருக்கு!" அன்றோடு மகளைக் கண்ணு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். மகளுக்கு அது வலித்தது.

பிரேஸ் சுட்ட மறுநாள் எக்ஸ்ரேயில் முப்பத்தொன்பது டிகிரி.

டாக்டர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒழுங்கா போடுறியாம்மா? இன்னும் ஏறிச்சுன்னா முதுகைத் திறந்து கம்பி வைக்க வேண்டியதுதான்."

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "எங்க சார் போடுறா? நான் அந்தப் பக்கம் போனா போதும், கழட்டிப் போட்டுடுறா."

தினமும் தன் கையால் இழுத்துக் கட்டுகிற அம்மா. விலாவில் தோல் உரிந்த இடத்துக்கு மருந்து தடவிய அம்மா. பெற்றவளே வாய் கூசாமல் இப்படிப் பொய் சொன்னால் யாரிடம் போய் அழுவது?

பட்டைகளைச் சரிபார்க்க பிரேஸ் செய்பவரிடம் அனுப்பினார்கள். அம்மா வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, என்னோட மாவு உடம்பு இருந்துச்சே, அது எங்க?"

"வேலை முடிஞ்சா உடைச்சிடுவோம் பாப்பா. உன்னோடதை மட்டும் அம்மா கெஞ்சிக் கேட்டாங்க, குடுத்துட்டேன். வீட்டுல இருக்குமே?"

வீட்டில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் பிரேஸைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்து, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டு, வெறுங்காலோடு மெல்ல வெளியே வந்தாள். கட்டிலில் பிரேஸ் இல்லை. நடை இருட்டாக இருந்தது; மழையில் ஊறிய சுவரின் பூஞ்சை நாற்றத்துக்கு நடுவே, என்றோ தன் உடம்பில் உலர்ந்த ஈர மாவின் வாசனை வந்தது. அம்மாவின் அறையிலிருந்து வந்தது.

சர்ரென்று பட்டை பிரியும் சத்தம். பிறகு இழுத்து ஒட்டும் சத்தம். பிறகு அம்மாவின் குரல், எட்டு மாதமாக அவள் கேட்காத குரல்.

"மூச்சை இழுத்துப் பிடி கண்ணு."

யாரோ மூச்சை இழுத்தார்கள்.

கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. நாற்காலியில் அது. அவளுடைய பிரேஸுக்குள். தலையில்லாமல். நிமிர்ந்து. பின்னால் நின்ற அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். திடுக்கிடவில்லை.

"இன்னும் நேரம் இருக்குல்ல? போய்க் குளி."

"அம்மா... நான்தானேம்மா உன் பொண்ணு?"

பிரேஸின் விளிம்புக்கு மேலே வெள்ளை நெஞ்சு மெல்ல ஏறியது. அது ஏற ஏற, அவளுடைய வலது விலா தானாக வெளியே தள்ளியது. உள்ளே எலும்பு நெறிந்தது. வலி. சுவரைப் பிடித்தாள். நெஞ்சு இறங்கியது.

விலா இறங்கவில்லை.

அம்மா அவளைப் பார்த்தபடியே, பட்டையைக் கோட்டுக்கு அப்பால் இன்னொரு விரல் இழுத்து ஒட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் இழு கண்ணு," என்றாள்.