கேள்விக்கு முந்திய விடை

கேள்வி ஒன்றுக்குப் பதில் சொல்லச் சகலையின் சர்வர் எடுத்துக்கொண்ட நேரம் மைனஸ் மூன்று மில்லி நொடி என்று திரை காட்டியது.

பெரிய மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். மைனஸ்தான்.

ஒரே அலுவலகம், ஒரே மாமனார். அக்காவைக் கட்டியவர் இவர், தங்கையைக் கட்டியவன் அவன். சின்ன மாப்பிள்ளை தும்மினால்கூட மாமனார் வீட்டில் அதிலொரு திறமை தெரியும். இன்றைக்கு இருவரும் அமைத்த தரவுத்தளங்களுக்கும் வேகப் பரிசோதனை. ஊழியர் பட்டியலை இரண்டிலும் ஏற்றி, ஒரே கேள்விகளைக் கேட்டு, எது முந்துகிறதோ அதை அமைத்தவருக்குத் தலைமைப் பதவி. நேர்மையானவர் என்று பரிசோதனையை இவரிடமே விட்டிருந்தார்கள். நேர்மையானவர் காலையிலிருந்து தன் சர்வரிடம் மட்டும் அதே கேள்விகளை நாற்பது தடவை கேட்டுப் பழக்கியிருந்தார். சகலையுடையதை இப்போதுதான் போட்டார்.

அப்படியும் மைனஸ்.

"நான் ஒண்ணும் பண்ணலண்ணா," என்றான் சர்வர் அறையின் கதவருகே நின்ற சகலை. இவர் இன்னும் எதுவும் கேட்கவில்லை. அவன் தன் மேசைக்குப் போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஏசியின் இரைச்சல், சூடான தூசியின் வாடை, நூறு சின்னப் பச்சை விளக்குகளின் சிமிட்டல் இவற்றுக்கு நடுவே அவர் வயிறெரிய உட்கார்ந்திருந்தார். மைனஸ் இருநூறு. மைனஸ் நாலாயிரம். கேள்வி போவதற்கு முன்பே விடை வந்துகொண்டிருந்தது. பித்தலாட்டம். பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். யார் தலைமை என்று கேட்கலாமா? நினைக்கத்தான் செய்தார்.

திரையில் அவர் பெயர்.

பதவி: தலைமை.

மாமனார் இதைப் பார்க்க வேண்டுமே என்று சிரிப்பு வந்தது. அடுத்த கட்டத்தைப் படித்தார்.

பணி முடிவு: இன்று, 4.20. காரணம்: பணியில் மரணம்.

மணி 4.14.

அழித்தார். வந்தது. மறுபடி அழித்தார். வந்தது.

கதவில் அடையாள அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. 'இந்த எண்ணில் ஊழியர் இல்லை.'

ஏசி நின்றது. பச்சை விளக்குகளும்.

கண்ணாடிச் சுவரைத் தட்டினார். ஓங்கி அடித்தார். அந்தப் பக்கம் சகலை முதுகைக் காட்டியபடி போன் பேசிக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்தான். சுற்றி நின்றவர்கள் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். இதிலும் அவனுக்குத்தான் நல்ல பேர்.

"மனசைத் தேத்திக்கோங்கக்கா," என்பது மெலிதாகக் கேட்டது.

போனுக்குள் அவர் மனைவி அலறினாள்.

மணி 4.16.