நின்ற தடம்

“இந்த இடத்துல மாடு ஒண்ணு மிரண்டிருக்கு. குளம்பு நாலும் தாறுமாறா பதிஞ்சிருக்கு பாருங்க. உப்பு மூட்டை சரிஞ்சிருக்கணும். நடந்து எண்ணூறு வருசம் ஆச்சு.”

நிலவரசி சொன்னதும் ஆறு பயணிகளும் தடக்கண்ணாடியோடு குனிந்தார்கள். வெறும் செம்மண் பாதையில் குளம்படிகள் மஞ்சள் ஒளியாகத் தெரிந்தன. பக்கத்திலேயே உப்பு வணிகன் ஒருவனின் வெறுங்கால்கள் ஓடியிருந்தன.

கால் பதியும்போது மண்ணுக்குள் களித்துகள்கள் அழுந்தித் திரும்புகின்றன. மேலே எத்தனை அடுக்கு வண்டல் மூடினாலும் அந்தத் திரும்பல் கலைவதில்லை. தடமீட்பி அதிர்வலை அனுப்பி அதைப் படித்துவிடும். அழுந்திய ஆழத்தை வைத்து ஆள் எவ்வளவு நேரம் நின்றார் என்றுகூடச் சொல்லும். இந்தக் கருவி வந்தபிறகு செம்பொறையில் மரபு நடைக்கு ஆள் குவிந்தது. அதற்காகவே தேர் நிற்கும் தேர்முட்டியிலிருந்து கண்மாய்க் கரை வரை தார் போடாமல் விட்டிருந்தார்கள்.

ஒரே ஒரு கட்டுப்பாடு. கடைசி நூறாண்டுகளின் தடங்களைப் பயணிகளுக்குக் காட்டக்கூடாது. நூறாண்டுத் திரை என்று அதற்குப் பெயர். கருவியைச் சரிபார்க்க மட்டும் வழிகாட்டி அதை விலக்கலாம்.

நடை முடிந்து மற்றவர்கள் பதநீர் குடிக்கப் போனபோது ஒரு அம்மாள் மட்டும் தேர்முட்டியிலேயே நின்றுகொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து ஒரு கேள்வியும் கேட்காதவர்.

“எம் பேரு எஸ்தர். இந்த ஊர்க் கீழத்தெருதான் நாங்க. எனக்குப் பதினாலு வயசு இருக்கையில ஊர விட்டுப் போனோம்.”

நிலவரசி நிமிர்ந்து பார்த்தாள். கீழத்தெருவிலிருந்து நடைக்கு யாரும் வந்ததில்லை.

“எங்க அண்ணன் இருதயராஜ், தேர் அன்னிக்கு செருப்புப் போட்டுக்கிட்டு இந்தத் தெருவுல நடந்துச்சு. அதுக்கப்புறம் வீட்டுக்கு வரல. பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போயிட்டான்னு போலீஸ்ல எழுதி முடிச்சுட்டாங்க.” பையிலிருந்து மடிப்பு விட்ட ஒரு போலீஸ் அறிக்கைத் தாளை எடுத்தார். “நாப்பத்தாறு வருசமா ஒண்ணே ஒண்ணுதாம்மா தெரியணும். இந்த முக்குல அது இடது பக்கம் பஸ்ஸுக்குத் திரும்புச்சா, வலது பக்கம் கண்மாய்க்குத் திரும்புச்சா?”

நிலவரசி தாளை வாங்கிப் பார்த்தாள். பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்ன சாட்சியின் பெயர்: தவசுமணி. அவள் அப்பா.

அவளுக்கு நெஞ்சு லேசானது. அப்பா பார்த்திருக்கிறார் என்றால் சரிதான். இந்த அம்மாளின் இத்தனை வருடச் சந்தேகத்தை இரண்டு நிமிடத்தில் தீர்த்து அனுப்பிவிடலாம். சாட்சி தன் அப்பா என்பதை அவள் சொல்லவில்லை.

“சட்டப்படி காட்டக்கூடாதுங்க. இருந்தாலும் பாப்போம். அந்த வருசம் தேருக்கு மறுநாள் கண்மாய் ஒடஞ்சு வண்டல் மூடுனதாச் சொல்லுவாங்க. அன்னிக்குப் பதிஞ்சது அப்படியே இருக்கும்.”

மணிக்கட்டுப் பலகையில் விரலை வைத்துத் திரையை விலக்கினாள். தேர் நாளின் கூட்டம் முழுவதும் மண்ணுக்குள்ளிருந்து எழுந்தது. நூற்றுக்கணக்கான வெறுங்கால்களுக்கு நடுவே ஒரே ஒரு ஜோடி செருப்பு. தேர்முட்டியில் அந்தச் செருப்புத் தடம் நின்றுபோனது. அங்கிருந்து வெறுங்கால் தொடங்கியது. இடது காலில் பெருவிரல் இல்லை.

“கதிரடிக்கிற மிஷின்ல போனது,” என்றார் எஸ்தர். “அண்ணந்தான்.”

அந்தக் கால் வலது பக்கம் திரும்பியது.

கண்மாய்ப் பாதையில் அதைச் சுற்றி மூன்று பேரின் கால்கள். பத்தடி தள்ளி நிலவரசியின் பலகை அதிர்ந்தது. நான்காவது ஒரு தடம். வழிகாட்டி அன்றாடம் நடக்கும் பாதையில் அவளுடைய கால்கள் பயணிகளுக்கு இடைஞ்சலாகத் தெரியாமலிருக்க, அவள் நடையை அடையாளம் கண்டு அழித்துவிடும் வசதி கருவியில் உண்டு. பலகையில் எழுத்துகள் மின்னின: ‘வழிகாட்டியின் தடம். நீக்கவா?’

வலது பாதம் வெளியே சாய, குதிகாலை அழுத்தி வைக்கும் நடை. அவளுடைய நடை. அவள் பிறக்காத காலத்தில் அதே நடை இந்த ஊரில் ஒருவருக்குத்தான் இருந்தது.

விடை சொல்லாதவரை அந்த நான்காவது தடம் எஸ்தரின் கண்ணாடிக்குப் போகாது. ‘ஆம்’ என்று தொட்டால் என்றைக்குமே போகாது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் எஸ்தரை நோக்கி நடந்தாள். பிறகு திரும்பிவந்து, ‘வேண்டாம்’ என்பதைத் தொட்டாள்.

“நாலாவதா ஒருத்தர் வந்திருக்காரு,” என்றாள். “அது எங்க அப்பா.”

இருவரும் கரையோரமாக நடந்தார்கள். உடைந்த மடைக்கு முப்பதடி முன்னால் நான்காவது தடம் ஒதுங்கி நின்றிருந்தது. குதிகால் ஆழமாக இறங்கியிருந்தது. கருவி கணக்கிட்டுச் சொன்னது: பதினோரு நிமிடம். மற்ற மூவரும் மடைக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். பெருவிரல் இல்லாத கால் திரும்பவில்லை.

எஸ்தர் மடை ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து, அந்த மண்ணை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

மத்தியானம் நிலவரசி வீட்டுக்குப் போனபோது தவசுமணி கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவள் நேரடியாகக் கேட்டாள்.

“இருதயராஜ் பஸ் ஏறினதப் பாத்தீங்களாப்பா?”

அவர் கை நின்றது. “நான் மடைப் பக்கம் போகவே இல்ல ஆத்தா. பாதியிலயே நின்னுட்டேன்,” என்றார்.

“தெரியும். பதினோரு நிமிசம் நின்னீங்க.”

“அம்புட்டு நேரமா?” அவர் உண்மையிலேயே திகைத்துப்போனார். “ரெண்டு நிமிசந்தான்னு நெனச்சேன். இத்தன வருசமா ரெண்டு நிமிசம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.”

“அவரு கத்துனது கேட்டுச்சா?”

அவர் கடலைத் தோலைக் கூட்டி அள்ளினார்.

நிலவரசி அன்றே போலீஸில் வாக்குமூலம் எழுதிக் கொடுத்தாள். மடையடியில் தோண்டியபோது எலும்புகள் கிடைத்தன. அந்த மூவரில் ஒருவர்தான் உயிரோடிருந்தார். அவரையும் தவசுமணியையும் அழைத்துப் போனார்கள். மாதம் திரும்புவதற்குள் அரசு நூறாண்டுத் திரையை நீக்கியது. அதன்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. சுற்றுப்பட்டு ஊர்களிலெல்லாம் விடிந்தும் விடியாமலும் டிராக்டர்கள் இறங்கின. ஒற்றையடிப் பாதைகளை உழுதார்கள். களத்துமேடுகளில் சிமெண்ட் கொட்டினார்கள். எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நிலவரசியோடு பேசுவதையும் ஊரில் நிறுத்திக்கொண்டார்கள்.

செம்பொறைப் பாதை மட்டும் காவலில் இருந்தது. நில ஆய்வு அலுவலர் பரிமளம் அதை அங்குலம் அங்குலமாகப் படித்து முடித்த அன்று, வாக்குமூலத்தைச் சரிபார்க்க நிலவரசியையும் எஸ்தரையும் கூப்பிட்டிருந்தார்.

“நாலாவது தடத்தைப் பார்த்ததும் உடனே எஸ்தருக்குக் காட்டினேன்னு எழுதியிருக்கீங்க,” என்றார் பரிமளம். குரலில் குற்றம்சாட்டும் தொனி இல்லை. “ஆனா நெலத்துல வேற மாதிரி இருக்கு. அந்த எடத்துல நீங்க ஆறு நிமிசம் நின்னிருக்கீங்க. அப்புறம் இந்தம்மா பக்கமா நாலு எட்டு. அங்க கொஞ்ச நேரம். பெறகு பின்னால நாலு எட்டு.”

இரண்டு மூச்சு விடும் நேரம் என்றுதான் நிலவரசி நினைத்திருந்தாள். எழுதும்போதுகூடப் பொய் எழுதுவதாக அவளுக்குத் தோன்றவில்லை.

“எனக்கு அன்னிக்கே தெரியும்மா,” என்றார் எஸ்தர். “மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்ல வர்றீங்கன்னு நெனச்சேன்.”

“அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“ஏன் சொல்லல?”

“தெரியல. வாய் வரல.”

எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோபமும் படவில்லை.

பரிமளம் பேனாவை நீட்டினார். “திருத்திடுங்க. எவ்வளவு நேரம் நின்னீங்கன்னு நீங்களே போட்டுக் கையெழுத்துப் போடணும்.”

நிலவரசி ‘உடனே’ என்ற சொல்லை அடித்தாள். அதற்கு மேலே எழுதப் போன கை அந்தரத்தில் நின்றது.

“என்னக் கேக்காதீங்க மேடம்,” என்றாள். “மண்ணுல என்ன இருக்கோ, அதையே எழுதிக்குங்க.”