மூன்று பேருக்கு இரண்டு கல்

மூன்று பேர் போகிற பயணத்துக்கு ஒரு கல் போதும். தேவேந்திரன் இரண்டு கல் கொண்டுவந்திருந்தான்.

காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைக்குப் போனபோதுதான் முத்துராணி பார்த்தாள். துவைகல்லுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் உரித்த தேங்காய் அளவில், பாசி பிடித்த இரண்டு கருங்கல். பகலெல்லாம் தை மாத வெயில் காய்ந்து தரை இன்னும் சூடாகத்தான் இருந்தது. கல் இரண்டு மட்டும் இப்போதுதான் ஆற்றிலிருந்து எடுத்ததுபோல நனைந்திருந்தன.

மூன்று பேராகக் கிளம்பினால் காரியம் விளங்காது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பெண் பார்க்கப் போனாலும் சரி, பத்திரம் பதியப் போனாலும் சரி, மூன்று பேர் என்றால் போகிற வழியில் ஒரு கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கல்தான் நாலாவது ஆள். பாளையங்கோட்டைக்குப் போய்ப் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்த பிள்ளைகள்கூடச் சிரித்துக்கொண்டே எடுக்கும், எடுக்காமல் போகாது. கிளம்பும்போது சொந்த ஊர் மண்ணில் கிடக்கிற கல்லாகப் பார்த்து எடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே அதை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் முறை.

"ஏங்க, மூணு பேருக்கு ஒரு கல்லு போதும்லா. என்னத்துக்கு ரெண்டு?"

"ரெண்டு மொட்டைல்லா ஏறப்போறோம்" என்றான் அவன், தலையை நிமிர்த்தாமல்.

நடுவீட்டுத் தரையில் உட்கார்ந்து அவளுடைய கோலமாவால் மலையை வரைந்துகொண்டிருந்தான். களக்காட்டுக்கு மேற்கே அடுத்தடுத்து நிற்கிற இரண்டு உச்சிகள், பெரிய மொட்டையும் சின்ன மொட்டையும். ஒரே நாளில் இரண்டையும் ஏறி இறங்கிவிட வேண்டும் என்பது வாழைக்காய் மண்டியில் தார் சுமக்கிற காலத்திலிருந்தே அவனுக்கு இருந்த கிறுக்கு. போன மாதக் கடைசியில் ஒத்திகை பார்க்கிறேன் என்று பெரிய மொட்டைக்கு மட்டும் போய்விட்டு வந்தான். கூடப்போனவர்கள் இரண்டு பேர். மண்டியில் லோடு ஆட்டோ ஓட்டுகிற பலவேசம் ஒருவன், பெருமாள்ராஜ் இன்னொருவன். போய்வந்த மறுநாளே பெருமாள்ராஜ் வீட்டில்கூடச் சரியாகச் சொல்லாமல் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டான். அவன் இடத்துக்குத்தான் இப்போது தேவேந்திரன் முத்துராணியை வரச்சொல்கிறான். கல்யாணமான நாளிலிருந்து பக்கத்திலிருக்கிற தலையணை அருவியைத் தாண்டி அவளை எங்கும் கூட்டிப்போகாத மனுஷன்.

"கருக்கல்ல கெளம்புதோம்." வெள்ளை மாவின் மேல் அவன் விரல் மெதுவாக ஊர்ந்தது. "வெயில் ஏறதுக்கு முன்ன பெரிய மொட்டை. அங்கன பலவேசம் இருந்துக்கிடுவான். பொறவு பள்ளத்துல எறங்கி ஏறுனா சின்ன மொட்டை. அங்கன நீ இருந்துக்கோ."

"அப்பம் நீங்க?"

"நான் எறங்கிருவேன்."

களைப்பாறச் சொல்கிறான் என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அப்படி எடுத்துக்கொள்ளத்தான் இந்தப் பதினைந்து நாளாகப் பழகியிருந்தாள். மலையிலிருந்து வந்த இரவே கட்டில் கால் முறிந்தது. பழைய கட்டில்தானே என்றாள். அவன் நடந்த இடத்தில் சிமென்ட் தரை கீறல் விட்டது. கொத்தனார் வேலை அப்படி என்றாள். பக்கத்தில் படுத்தால் அவன் உடம்பிலிருந்து வியர்வை வாடையே வருவதில்லை. மழை பெய்து ஓய்ந்த பாறையிடுக்கின் வாடைதான் வந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. கண்ணை மூடாமல் தூங்கினான், அல்லது தூங்கவேயில்லை. இடுப்பில் அவள் கட்டிவிட்ட சிவப்பு அரைஞாண் கயிற்றைக் காணோம். கேட்டதற்கு அறுந்துபோச்சு என்றான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே வைதுகொண்டு அவள் சோறு போட்டாள். புருஷன் மலைக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்திருக்கிறான். அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

ஜீப்புக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அவன் எழுந்து போனான். அடுக்களைப் பரணில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் அவன் அடிக்கு அடி கிணுகிணுத்து, அவன் தெருமுனை திரும்பிய பிறகே அடங்கின. முத்துராணி முகம் கழுவிவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்து நின்றாள். காலையில் கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்த அரக்குப் பொட்டைக் காணவில்லை. கீழே விழுந்திருக்கும் என்று தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அட்டையிலிருந்து புதுசாக ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்தபோது கரண்டு போயிற்று.

விளக்கு வைக்கிற நேரம். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டம், அதற்கப்பால் கால்வாய், அதற்கும் அப்பால் கறுத்துக் கிடந்த மலை. வாழையிலைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. காய்ந்த சருகு தண்டில் பட்டு டப்டப்பென்று அடித்தது. எங்கோ ஒரு பம்புசெட் இரைந்து நின்றது. நின்றபிறகு, சேற்றில் கால் புதைய யாரோ வரப்பைத் தாண்டி வருகிற சத்தம் கேட்டது. பின்வாசல் கதவை நகத்தால் சுரண்டுவதுபோலத் தட்டினார்கள்.

"மைனி. நான்தான், பலவேசம். கதவத் தொறங்க."

மெழுகுவர்த்தியோடு போய்த் திறந்தாள். பலவேசம் முழங்கால்வரை சேறாக நின்றான். எப்போது வந்தாலும் 'மைனி, காப்பி உண்டா' என்று சத்தம்போட்டுக்கொண்டே நுழைகிறவன், இன்றைக்கு மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டான். அவன் பார்வை துவைகல் பக்கம் போயிற்று. இரண்டு கல்லையும் பார்த்துவிட்டான். அவசரமாக உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"அண்ணன் எங்க?"

"ஜீப்புக்குச் சொல்லப் போயிருக்காவ. என்ன விசயம்?"

"ஆட்டோவ கால்வாப் பாலத்துல நிப்பாட்டிருக்கேன். இப்பமே கெளம்புங்க. ஏரல்ல ஒங்க அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுருதேன்."

"எதுக்கு?"

பலவேசம் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டான்.

"அன்னைக்குக் கீழ கல்லு எடுக்க மறந்துட்டோம், மைனி. உச்சிகிட்ட போன பொறவுதான் நெனப்பு வந்துது. அங்கன யாரோ வட்டமா கல்லு அடுக்கி வச்சிருந்தாவ. வேண்டாம்ணேன்னு சொன்னேன். கேக்கல. அதுல ஒண்ண எடுத்துப் பையில போட்டுட்டாவ. போட்டுட்டுப் பத்தடி நடக்கல்ல. கால் வழுக்கிட்டு."

"யாருக்கு?"

"அண்ணனுக்குத்தான். கீழ பாறையில தல பட்டுத் தெறிச்சுட்டு, மைனி. நாங்க எறங்கிப் போயித் தொட்டுப் பாத்தோம். உசிரு இல்ல. தூக்க முடியல. ஆளக் கூட்டியாருவோம்னு ரெண்டுபேரும் ஓடியாந்தோம். ஓடக்கரைக்கு வந்தா, அங்கன தண்ணிக்குள்ள கால விட்டுட்டு உக்காந்திருக்காவ. 'எங்கலே போனீங்க'ன்னு கேக்காவ. மேல ஒரு கீறலு இல்ல."

முத்துராணிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "குடிச்சிருக்கியா நீ? அவிய ரெண்டு வேளையும் என் கையால சாப்பிடுதாவ. என் பக்கத்துல படுக்குதாவ."

"எனக்கும் கிறுக்குப் பிடிச்சுட்டுன்னுதான் நெனச்சேன். அதான் முந்தாநேத்து ஒத்தையில மேல போயிப் பாத்தேன்." சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு பாலித்தீன் உறையை எடுத்தான். "அப்படியே கெடக்கு."

உறைக்குள் சிவப்புக் கயிறு. அதில் கோத்த வெள்ளித் தாயத்து. சுடலை கோயில் கொடைவிழாவில் மந்திரித்து வாங்கி, மூன்று முடிச்சும் அவளே போட்டு, மிச்சக் கயிற்றைப் பல்லால் கடித்துத் துண்டித்தது. கடித்த பிசிறு அப்படியே இருந்தது. உறையைப் பிரித்ததும் அழுகல் வாடை அடுக்களை முழுவதும் பரவியது.

அவள் அழவில்லை. கயிற்றை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டாள். அத்துவானக் காட்டில் பதினைந்து நாளாக வெயிலிலும் பனியிலும் கிடந்திருக்கிறான், அவள் அவனுக்கென்று நினைத்து வேறு எதற்கோ சோறு போட்டிருக்கிறாள். அவனைக் கீழே கொண்டுவந்து எரிக்க வேண்டும். அதற்கு முதலில் தான் உயிரோடு வெளியே போக வேண்டும்.

"வாங்க மைனி. பைய, சத்தம் போடாம."

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். பின்வாசல் தாழ்ப்பாளில் பலவேசம் கை வைத்தான்.

பரணில் ஒரு டம்ளர் கிணுங்கியது.

இருவரும் அசையவில்லை. இன்னொரு டம்ளர். பிறகு தட்டு. பிறகு பித்தளைக் குடம். சத்தம் தெருப்பக்கமிருந்து வரவில்லை. கொல்லையிலிருந்து வந்தது.

கதவு உள்நோக்கித் திறந்தது. தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து தரையில் விழுந்தது.

"பலவேசமா?" என்றான் தேவேந்திரன். "காலையிலல்லா வரச்சொன்னேன்."

பலவேசம் பின்னால் நகர்ந்தான். அம்மிக்கல் காலில் தட்டியது. அரிவாள்மணையைத் தூக்கி வீசினான். அது தேவேந்திரன் கழுத்தில் பட்டது. பொறி பறந்தது. மழுங்கிக் கீழே விழுந்தது.

அந்தப் பொறி வெளிச்சத்தில் முத்துராணி புருஷன் முகத்தைப் பார்த்தாள். கோபமில்லை. எதுவுமில்லை.

தேவேந்திரன் பலவேசத்தின் தலைமயிரைப் பிடித்தான். நடுவீட்டுக்கு இழுத்துப்போனான். பலவேசம் கதவுநிலையைப் பற்றினான். நகம் பெயர்ந்தது. "மைனி" என்றான். பிறகு "அண்ணே" என்றான். தேவேந்திரன் அவனைக் கோலமாவு மலையின் மேல் மல்லாக்கக் கிடத்தினான். கையை ஓங்கவில்லை. உள்ளங்கையை முகத்தில் வைத்து அழுத்தினான். தேங்காய் நெரிகிற சத்தம். கால்கள் தரையில் உதைத்தன. உதைத்தன. நின்றன.

அவள் ஓடினாள். ஓடுவதாக நினைத்தாள். காலடியில் ஏதோ சூடாக வழுக்கியது. விழுந்தாள். எழ முடியவில்லை. கையில் கயிறு மட்டும் இருந்தது.

குளிர்ந்த கை அவள் கணுக்காலைப் பிடித்தது. இறுக்கவில்லை. பிடித்தது, அவ்வளவுதான். அசைக்க முடியவில்லை.

"ஏளா, பயப்படாத" என்றான். குரல் அவனுடையதுதான். அவளைக் கட்டிக்கொண்ட முதல் ராத்திரி பேசிய அதே குரல். "ஒண்ணுமில்ல. அவனும் வருவான்."

வெளியே வாழையிலை உரசியது. துவைகல் பக்கம் ஏதோ பெயர்ந்து உருண்டது. நின்றது. ஈர மண்ணில் கால் வைத்தது. பரணில் டம்ளர்கள் கிணுங்கின.

கரண்டு வந்தது.

நடுவீட்டில் ட்யூப்லைட் விட்டுவிட்டு எரிந்தது. அவ்வளவு உதைத்தும் கோலமாவு மலை கலையவில்லை. இரண்டு உச்சிக்கும் நடுவிலிருந்த பள்ளத்தில் ரத்தம் தேங்கி, வரைந்து வைத்த பாதைவழியே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. பலவேசம் கிடந்தான். முகம் இருந்த இடத்தில் முகம் இல்லை.

பின்வாசலில் பலவேசம் நின்றான். அதே சட்டை. சேறு இல்லை. நகமெல்லாம் முழுசாக இருந்தது. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மைனி, கெளம்பலாமா?"

"இப்பம் மூணு பேராச்சு" என்றான் தேவேந்திரன். அவள் பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்து, அவளுக்கென்று வாங்கியிருந்த புது ஷூவை மாட்டி, கயிற்றை நிதானமாக இழுத்துக் கட்டினான். "நாலாவது ஆளும் ரெடியாத்தான் இருக்கு."

பலவேசம் வழிவிட்டு ஒதுங்கினான். கொல்லை பல்பு வெளிச்சத்தில் துவைகல் தெரிந்தது. அதன் பக்கத்தில் ஒரே ஒரு கல். ஈரத்தில் மினுங்கியது. அதன் மேல், நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், அவளுடைய அரக்குப் பொட்டு ஒட்டியிருந்தது.